டூட் ஒருக்காக்கூடப் பந்து போடேல்லை

போன செமஸ்டர் முடிகிற நேரம், ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், பீடத்தில் ஒரு விரிவுரை அறையைக் கேட்டு வாங்கி 'த பிக் லெபோவ்ஸ்கி' போட்டோம். பதினாலு பேர் வந்தார்கள். பாதியில் ஐந்து பேர் எழும்பிப் போய்விட்டார்கள். படம் முடிந்து பிரொஜெக்டரைக் கழட்டிக்கொண்டு நிற்கும்போது முதலாம் வருடத் தம்பி ஒருவன் கேட்டான்.

“அக்கா, படம் முழுக்க அந்த பௌலிங் அடிக்கிற இடத்திலதான் இருக்கினம். ஆனா அந்த டூட் ஒருக்காக்கூடப் பந்து போடேல்லை. கவனிச்சனீங்களோ?”

நான் கவனிக்கவில்லை. அதுக்கு முதல் மூன்று தரம் பார்த்த படம், வசனம் வசனமாகச் சொல்லுவேன். ஆனால் அவன் சொன்னது சரி. ஒரு கனவுக் காட்சியை விட்டால், டூட் பந்து எறிவதைப் படம் எங்களுக்குக் காட்டுவதே இல்லை. அண்டைக்கு இரவு போர்டிங்குக்கு வந்தும் அது மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு பௌலிங் வருகிற படங்களாகத் தேடித் தேடிப் பார்த்தேன். இந்தக் கட்டுரை அதால வந்த வினை.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுவோம். எங்களுக்கு பௌலிங் என்றால் முரளி, மாலிங்க. நான் சொல்லுவது அமெரிக்கப் படங்களில் வருகிற மற்ற பௌலிங். வழுவழுப்பான மரத்தரை, அறுபது அடி நீளம். அந்தத் தொங்கலில் போத்தல் மாதிரி பத்துக் கட்டைகள் முக்கோணமாக நிற்கும். மூன்று ஓட்டை போட்ட, பதினாறு இறாத்தல் வரை பாரமான பந்தை உருட்டி விடவேண்டும். ஒரே எறியில் பத்தும் விழுந்தால் ஸ்ட்ரைக். தொடர்ந்து பன்னிரண்டு ஸ்ட்ரைக் அடித்தால் 300, அதுக்கு மேல் புள்ளி இல்லை. விளையாட்டு அவ்வளவுதான்.

ஆனால் இதில் சினிமாவுக்கு வேண்டிய ஒரு விசேஷம் இருக்கு. எதிராளி உங்களைத் தடுக்க முடியாது. பந்து கையை விட்டுப் போனபிறகு நீங்களும் ஒன்றும் செய்ய முடியாது, நின்று பார்க்கலாம், அவ்வளவுதான். உங்கட முறை முடிந்தால் திரும்பி வந்து வாங்கில் இருக்கவேண்டும். நாலு பேர் விளையாடினால் முக்கால்வாசி நேரம் இருப்பதும் கதைப்பதும்தான். கிரிக்கெட்டில் மைதானத்துக்குள் நிற்பவன் ஓடவேண்டும். இதில் மைதானமே கதைக்கிறதுக்குத்தான். போதாததுக்கு, வருகிற எல்லாருக்கும் ஒரே மாதிரி வாடகைச் சப்பாத்து. டொக்டரும் போடவேண்டும், லொறி ஓடுகிறவரும் போடவேண்டும்.

டூட் பந்து போடாததுக்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். கோயன் சகோதரர்களுக்கு எறி முக்கியமில்லை, அந்த வாங்குதான் முக்கியம். படத்தின் தொடக்கத்தில் பெயர் ஓடும்போதே இதைச் சொல்லிவிடுகிறார்கள். தொந்தி உள்ளவர்கள், வயது போனவர்கள், உடற்பயிற்சிப் பக்கமே போகாதவர்கள் எல்லாம் மெதுவாக, கிட்டத்தட்ட நடனம் மாதிரி, பந்து எறிகிறார்கள். கமரா அவர்களைக் கேலி பண்ணவில்லை. பிறகு மூன்று பேர் வருகிறார்கள். வேலை வெட்டி இல்லாத டூட், வியட்நாம் போரில் இருந்து இன்னும் வீட்டுக்குத் திரும்பாத வோல்டர், வாயைத் திறந்தால் வோல்டரிடம் ஏச்சு வாங்குகிற டொனி. வெளியில் இவர்களுக்கு ஒரு மதிப்பும் இல்லை. அந்தக் கூடத்துக்குள் இவர்கள் ஒரு அணி. அரையிறுதிக்கு அட்டவணை இருக்கு. எந்த நாளில் விளையாடலாம், எந்த நாளில் கூடாது என்று வோல்டருக்குத் தன் மார்க்கத்து விதி இருக்கு. கோட்டைத் தாண்டிக் கால் வைத்ததுக்குப் புள்ளியை வெட்டவில்லை என்று வோல்டர் துவக்கை எடுத்து நீட்டுகிற காட்சிக்கு நாங்கள் எல்லாரும் சிரித்தோம். ஆனால் யோசித்துப் பாருங்கோ. ஒரு விதியும் இல்லாத போரில் இருந்து வந்த மனிசனுக்கு, விதி இன்னும் உயிரோடு இருக்கிற ஒரே இடம் அந்தக் கோடுதான்.

டொனி கட்டையை விழுத்தத் தவறுவதே இல்லை. கடைசியில் ஒரு தரம் ஒரு கட்டை மிஞ்சி நிற்கிறது. அவன் அதைப் பார்த்துக்கொண்டே நிற்கிறான். கொஞ்ச நேரத்தில் வாகனத் தரிப்பிடத்தில் மாரடைப்பில் செத்துப்போகிறான். சாம்பல் வைக்கும் கலசத்துக்கு 180 டொலர் கேட்கிறார்கள், இவர்கள் ஒரு கோப்பித் தகரத்தில் கொண்டு போகிறார்கள். இந்தப் படத்தை வெறும் பகிடிப் படம் என்று சொல்லுகிறவர்களோடு எனக்குள்ள சண்டை இந்த இடத்தில்தான். மூன்று பேர் இருந்த வாங்கில் ஒரு இடம் வெறுமையாகிறது. அந்த இழவை எப்படித் தாங்குவது என்று தெரியாமல், மிஞ்சின ரெண்டு பேரும் திரும்ப பௌலிங் கூடத்துக்கே போகிறார்கள். போக வேறு இடம் இல்லை.

படத்துக்கு வெளியில் நடந்தது இன்னும் சோகம். அந்தக் காட்சிகளை எடுத்த ஹொலிவூட் ஸ்டார் லேன்ஸ் என்ற கூடம், படம் வந்து நாலு வருடத்தில், 2002இல் மூடப்பட்டது. இடித்துவிட்டு அந்த இடத்தில் ஒரு ஆரம்பப் பாடசாலை கட்டினார்கள். அதே 2002இல்தான் லூயிவில் நகரத்தில் ஒரு பௌலிங் கூடத்தில் ரசிகர்கள் கூடி 'லெபோவ்ஸ்கி ஃபெஸ்ட்' என்ற விழாவைத் தொடங்கினார்கள். கூடம் போனது, கூடத்தின் நினைவுக்கு விழா வந்தது.

அமெரிக்கச் சமூகவியலைத் தட்டிப் பார்த்தவர்களுக்கு ரொபர்ட் பட்னம் என்ற பெயர் தெரிந்திருக்கும். 1995இல் ஒரு கட்டுரை, பிறகு 2000இல் அதே தலைப்பில் ஒரு புத்தகம், 'பௌலிங் அலோன்'. அவர் காட்டிய கணக்கு சின்னது, ஆனால் குத்தும். 1980க்கும் 1993க்கும் இடையில் அமெரிக்காவில் பௌலிங் விளையாடுகிறவர்களின் தொகை 10 வீதம் கூடியது. ஆனால் அணியாகச் சேர்ந்து கிழமைக்குக் கிழமை லீக்கில் விளையாடுவது 40 வீதம் குறைந்தது. ஆட்டம் குறையவில்லை, கூட்டம்தான் குறைந்தது. லெபோவ்ஸ்கியின் மூன்று பேரும் அந்தக் குறைந்துபோன கூட்டத்தின் கடைசி ஆட்கள் மாதிரித் தெரிகிறார்கள்.

இதற்கு நேர் எதிரான படம் போல் தோமஸ் அன்டர்சனின் 'தெயர் வில் பி ப்ளட்', 2007. எண்ணெய்க் கிணறு தோண்டிப் பணக்காரனான டானியல் பிளெய்ன்வியூவின் கதை. கடைசிக் காட்சி 1927இல், அவன் மாளிகைக்குள், அவனுக்கே சொந்தமான பௌலிங் லேனில். முதல் தரம் பார்த்தபோது ஏன் இந்த இடம் என்று எனக்கு விளங்கவில்லை. டூட்டைப் பார்த்தபிறகு விளங்கியது. நாலு பேர் கூடுவதற்கென்று இருக்கிற ஒரு இடத்தை ஒரு ஆள் காசு குடுத்து வாங்கி வீட்டுக்குள் வைத்திருக்கிறான். கூட விளையாட ஒருவரும் இல்லை. வளர்த்த மகனையும் கொஞ்சம் முன்னர்தான் துரத்திவிட்டான். லேனின் தரையிலேயே வெறியில் விழுந்து படுத்திருக்கிறான். பழைய எதிரி ஈலை என்ற போதகர் காசுக்கு வழியில்லாமல் தேடி வருகிறான். பிளெய்ன்வியூ அவனை அவமானப்படுத்தி, பந்துகளால் எறிந்து துரத்தி, கடைசியில் ஒரு கட்டையை எடுத்து அடித்தே கொல்கிறான். கூட ஆள் இல்லாத விளையாட்டில் கட்டைக்கு மிஞ்சுகிற உபயோகம் அது ஒன்றுதான்.

அந்தக் காட்சியை எடுத்தது பெவர்லி ஹில்ஸில் உள்ள கிரேஸ்டோன் மாளிகையில். எட்வேர்ட் டொஹெனி என்ற உண்மையான எண்ணெய் முதலாளி தன் மகனுக்காகக் கட்டுவித்த வீடு அது. மகன் குடியேறிக் கொஞ்ச மாதத்திலேயே, 1929 பெப்ரவரியில், அவரும் அவருடைய செயலாளரும் அந்த வீட்டுக்குள் சுடுபட்டு இறந்து கிடந்தார்கள். படம் கற்பனை, சுவர் உண்மை.

லெபோவ்ஸ்கியின் வீட்டுச் சுவரில் ஒரு படம் தொங்கும், கவனித்திருப்பீர்கள். அமெரிக்க ஜனாதிபதி ரிச்சட் நிக்சன் பந்து உருட்டுகிற படம். நிக்சன் வெள்ளை மாளிகையின் நிலக்கீழ்த் தளத்தில் ஒரே ஒரு லேன் உள்ள பௌலிங் கூடம் போடுவித்தவர். ஒரே ஒரு லேன். வாங்கில் பக்கத்தில் இருக்க யார் வந்திருப்பார்கள் என்று எனக்கு ஒரு யோசனை.

இதுவரை வாசித்தவர்கள் நான் பௌலிங் கூடத்தை ஏதோ சொர்க்கம் மாதிரிச் சொல்லுகிறேன் என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு இருந்தேன், 'பிளெசன்ட்வில்' பார்க்கும் வரைக்கும். அதுவும் லெபோவ்ஸ்கி வந்த 1998இல் வந்த படம், இயக்கியவர் கரி ரொஸ். இரண்டு பிள்ளைகள் ஐம்பதுகளின் ஒரு தொலைக்காட்சித் தொடருக்குள் விழுந்துவிடுகிறார்கள். ஊர் முழுக்கக் கறுப்பு வெள்ளை. ஆட்கள் புதிதாக எதையாவது உணர உணர அவர்களுக்கு நிறம் வருகிறது. ஒரு நாள் பின்னேரம் குடும்பத் தலைவர் வீட்டுக்கு வருகிறார், மனுசி இல்லை, சாப்பாடும் இல்லை. மழைக்குள் நடந்து எங்கே போகிறார்? பௌலிங் கூடத்துக்கு. அங்கே ஊர் ஆம்பிளையள் எல்லாம் இருக்கினம். இன்னொருவர் தன் சேட்டின் முதுகில் மனுசி அயன் பண்ணும்போது எரித்த அடையாளத்தைக் காட்டுகிறார். எல்லாரும் பேயைக் கண்டது மாதிரி அதிர்ந்து போகிறார்கள். ஊர்த் தலைவர் எழும்பி, இதை விடக்கூடாது என்கிறார். வெளியில் உலகத்துக்கு நிறம் வந்துகொண்டிருக்க, உள்ளே கறுப்பு வெள்ளையைக் காப்பாற்ற ஒரு கூட்டம். அதே வாங்கு, அதே சப்பாத்து, அதே சகோதரத்துவம்.

இதைப் பார்த்தபோது எனக்கு எங்கட ஊர் சனசமூக நிலையம்தான் ஞாபகம் வந்தது. வாசலில் பேப்பர் மேசை, உள்ளே கரம் போர்ட். பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு பெடியள் நிறைந்துவிடுவார்கள். என்ர அண்ணா அங்கேதான் வளர்ந்தான் என்று சொல்லலாம். வெளிநாடு போன கூட்டாளிமாரைப் பற்றி இண்டைக்கும் அந்தக் கரம் போர்டை வைத்துத்தான் கதைப்பான். நான் அந்த வாசலால் பத்து வருடம் சைக்கிளில் டியூசனுக்குப் போய் வந்தேன். ஒரு நாளும் உள்ளே கால் வைத்ததில்லை. வராதே என்று ஒருத்தரும் சொன்னதில்லை. சொல்லத் தேவை இருக்கவில்லை.

அதே கண்ணோடு திரும்பிப் போய் லெபோவ்ஸ்கியைப் பார்த்தால், எனக்குப் பிடித்த அந்த வாங்கில் எனக்கு இடம் இல்லை. படத்தில் பெண்கள் பௌலிங் கட்டைகளைத் தலையில் கிரீடமாகச் சூடிக்கொண்டு டூட்டின் கனவுக்குள் ஆடுகிறார்கள். வின்சென்ட் கலோவின் 'பஃபலோ 66', அதுவும் 1998தான். சிறையில் இருந்து வந்தவன் ஒரு பெட்டையைக் கடத்திக்கொண்டு போய், தாய் தகப்பனுக்கு முன்னால் மனுசியாக நடிக்க வைக்கிறான். தான் கெட்டிக்காரன் என்று அவளுக்குக் காட்ட அவன் கூட்டிக்கொண்டு போகிற இடமும் பௌலிங் கூடம்தான். அவன் ஸ்ட்ரைக் மேல் ஸ்ட்ரைக் போடுகிறான். பிறகு வெளிச்சம் குறைந்து, லயிலா அந்தத் தரையில் தனியாக டாப் டான்ஸ் ஆடுகிறாள். மிக வடிவான காட்சி. ஆனால் அவளுக்கு ஒருவரும் ஒரு பந்தை நீட்டவில்லை.

உண்மை வரலாறு இதை விடக் கொடுமையானது. அமெரிக்க பௌலிங் காங்கிரஸ் என்ற அமைப்பு 1950 வரை வெள்ளை ஆண்களைத் தவிர வேறு ஒருவரையும் உறுப்பினராகச் சேர்க்கவில்லை. விதியிலேயே எழுதி வைத்திருந்தார்கள். சட்டம் மாறிய பிறகும் கதவு திறக்கவில்லை. தென் கரோலினாவில் ஒரஞ்ச்பேர்க் என்ற சின்ன நகரம். அங்கே இருந்த ஒரே பௌலிங் கூடம் கறுப்பின மக்களை உள்ளே விடவில்லை. 1968 பெப்ரவரியில் மாணவர்கள் உள்ளே போக முயன்றார்கள், பொலிஸ் அடித்துக் கலைத்தது. எட்டாம் திகதி இரவு, தென் கரோலினா அரச கல்லூரி வளாகத்துக்குள் கூடி நின்ற மாணவர்களை நோக்கி நெடுஞ்சாலைப் பொலிஸார் சுட்டார்கள். மூன்று பேர் செத்துப்போனார்கள். இருபத்தைந்து பேருக்கு மேல் காயம், பெரும்பாலானவர்களுக்குச் சூடு பட்டது பின்பக்கத்தில். ஒன்பது பொலிஸார் வழக்கை எதிர்கொண்டு விடுதலையானார்கள். கடைசியில் சிறைக்குப் போனது கிளீவ்லண்ட் செல்லர்ஸ் என்ற ஒருவர் மட்டும், அவரும் சூடுபட்ட பக்கத்து ஆள். 'ஸ்கார்ட் ஜஸ்டிஸ்' என்ற ஆவணப்படம் இதைச் சொல்லுகிறது. நான் தேடிப் பார்த்த பௌலிங் படங்களிலேயே ஒருவரும் சிரிக்காத படம் இது ஒன்றுதான்.

கறுப்புப் பெடியள் இருபது வயதுகூட ஆகாமல் உயிரைக் குடுத்துக் கேட்டது ஒரு பந்தும் ஒரு வாங்கும்தான். இதை வாசித்தபிறகு, பௌலிங் கூடத்தை அமெரிக்கர்களின் அப்பாவித்தனத்துக்கு அடையாளமாகக் காட்டுகிற படங்களில் எனக்குப் பாதி நம்பிக்கை போய்விட்டது. மைக்கல் மூரின் 'பௌலிங் ஃபோர் கொலம்பைன்' 2002இல் வந்து ஒஸ்காரும் எடுத்தது. 1999இல் பாடசாலையில் சுட்ட இரண்டு பெடியளும் அன்று காலை பௌலிங் வகுப்புக்குப் போனவர்கள், பாட்டைக் குற்றம் சொல்லுகிறவர்கள் ஏன் பௌலிங்கைச் சொல்லவில்லை என்று மூர் கேட்கிறார். கெட்டிக்காரக் கேள்வி. ஆனால் அவர்கள் அன்று வகுப்புக்கே போகவில்லை என்றுதான் விசாரணை சொன்னது. பௌலிங் என்றால் ஆபத்தில்லாத, எல்லாருக்கும் பொதுவான ஒன்று என்ற நினைப்பில்தான் அந்தத் தலைப்பே நிற்கிறது. ஒரஞ்ச்பேர்க்கில் அது எல்லாருக்கும் பொதுவாக இருக்கவில்லை.

சரி, நான் என்ன சொல்ல வருகிறேன்? கூடுகிற இடங்கள் அழிந்து போகுது என்று பட்னம் கவலைப்பட்டது நியாயம். எங்கட ஊர்களிலும் அதே கவலையைக் கேட்கிறோம், போனைத் திட்டுவது மட்டும் மேலதிகம். ஆனால் 'அந்தக் காலத்தில் எல்லாரும் கூடி இருந்தம்' என்று ஆரும் சொன்னால், அந்த 'எல்லாரும்' யார் என்று ஒருக்கால் கேட்டுவிட வேண்டும். பிளெய்ன்வியூ கூடத்தை வாங்கிப் பூட்டினான். ஒரஞ்ச்பேர்க்கில் கதவில் நின்று மறித்தார்கள். எங்கட ஊரில் ஒன்றும் செய்யாமலே அது நடந்தது. மூன்றுக்கும் முடிவு ஒன்று, வாங்கில் கொஞ்சப் பேர்தான் மிஞ்சுகிறார்கள். பிறகு அந்தக் கொஞ்சப் பேரும் டொனியைப் போல ஒவ்வொருவராகக் குறைகிறார்கள்.

பாதியில் எழும்பிப் போன அந்த ஐந்து பேரைச் சொன்னேன் அல்லவா? அண்டைக்கு எனக்குச் சரியான கோபம். ரசனை இல்லாததுகள் என்று ஸ்டேட்டஸ் கூடப் போட்டேன். ரெண்டு நாள் கழித்து கன்டீனில் அதில் ஒரு தங்கச்சியைக் கண்டேன். “படம் நல்லாத்தான் போச்சுதக்கா, ஆனா ஹொஸ்டல் கேட் பூட்டிப்போடுவினம். அந்தத் தாடிக்காரன்ர கார்ப்பெட் கடைசியில கிடைச்சுதோ?” என்று கேட்டாள். போன ஐந்து பேரில் நாலு பேர் ஹொஸ்டல் பெட்டையள். படத்தைத் தொடங்குகிற நேரத்தை முடிவெடுத்தது நானும் மூன்று பெடியளும். வெளியில் போர்டிங்கில் இருக்கிற எங்களுக்கு எத்தனை மணிக்கும் திரும்பிப் போகலாம். நானும் ஒரு சனசமூக நிலையம் நடத்திக்கொண்டுதான் இருந்திருக்கிறேன். நானும் ஒருத்தரையும் வராதே என்று சொல்லவில்லை.

ஸ்டேட்டஸை அழித்துவிட்டேன். அடுத்த படம் 'பிளெசன்ட்வில்', பின்னேரம் ஒண்டரைக்குத் தொடக்கம். நாலு மணிக்கு முன்னர் முடிந்துவிடும். அதுக்குப் பிறகு பிரொஜெக்டரைக் கழட்டிவிட்டு, கதிரைகளை வட்டமாக இழுத்துப் போட்டு, கொஞ்ச நேரம் சும்மா இருந்து கதைக்கலாம் என்று யோசனை. கார்ப்பெட் கிடைச்சதோ இல்லையோ என்பதை அந்தத் தங்கச்சிக்கு இன்னும் சொல்லவில்லை. வரட்டும், சொல்லுவம்.